நடப்பவர் எந்தப் பக்கம்?

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. அது அடையாள அட்டைக்குள் சுகமாகத் தூங்குகிறது. ஊருக்கு அவள் கண்ணாடியக்கா. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவள்.

பின்னறை என்றால் ஒரு கட்டில் போட்டால் கதவு மூடாது, அவ்வளவுதான். சுவரோரம் மேசை, மேசைமேல் தேய்க்கும் சக்கரம், சக்கரத்தின் தலையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் சின்னக் குழாய். வட்டமாக வரும் லென்ஸை ஃபிரேமின் வடிவத்துக்குத் தேய்த்து உட்காரவைக்க வேண்டும். கொஞ்சம் அதிகம் தேய்த்தால் உள்ளே ஆடும், குறைத்துத் தேய்த்தால் ஏறாது. அந்தக் கடைக்குக் கூட்டிப் பெருக்கத்தான் முதலில் வந்தாள். தேய்க்கிற ஆள் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, "நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன், தேய்ச்சுப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். கேட்டவள் இன்றுவரை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஆரம்பத்தில் சறுக்காமல் இல்லை. வலது கண்ணுக்குரியதை இடது பக்கம் மாட்டி ஒருவருக்குக் கொடுத்தாள். மனிதர் கடைவாசலில் இறங்கி விளக்குக் கம்பத்துக்கு வணக்கம் சொன்னார். முதலாளி திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அவள் அழவில்லை. "நாளைக்குச் சரியாப் போடுவேன்" என்றாள். போட்டாள்.

கடை மேல ஊரில். அவள் வாழ்க்கைப்பட்டது கீழ ஊரில். ஆறு மேலிருந்து கீழே வருவதால் ஊர்களுக்கும் அப்படியே பெயர், மற்றபடி இரண்டும் ஒரே லட்சணம்தான். நடுவில் இரண்டு பேருந்து மாற வேண்டும். முதல் பேருந்து நேரத்துக்கு வந்தால் இரண்டாவது போயிருக்கும். இரண்டும் சேர்ந்து வந்த நாளில் அவள் வேலைக்குப் போகாமல் லாட்டரிச் சீட்டு வாங்கியிருக்க வேண்டும்.

இப்படி இருக்கும்போதுதான் ஆற்றோரமாக இரண்டு ஊரையும் சேர்த்து நடைபாதையும் சைக்கிள் பாதையுமாக ஒரு தளம் போட்டார்கள். வழவழவென்று சிமெண்டுத் தளம், ஒரு பக்கம் தண்ணீரை ஒட்டிக் கைப்பிடி, மறுபக்கம் மரவரிசை. கண்ணாடியக்கா மறுநாளே பழைய சைக்கிளுக்குப் புது டயர் போட்டாள். பேருந்துக்காரர்களுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு மிதிக்க ஆரம்பித்தாள்.

அதோடு இன்னொன்றும் நடந்தது. முதலாளிக்கு முட்டி தேய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கண் பிரிவிலிருந்து காலையில் ஆள் வந்து அன்றைய வேலையைக் கொடுத்துவிட்டுப் போவான். அவன் வரும்போது கடை திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவான். முதலாளி சாவிக்கொத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"இனிமே பின்னறை உன் பொறுப்பு. நீதான் தலைமை. காலையில திறக்கிறதும் நீதான். முடியுமா?"

"கேக்கிறீங்க பாருங்க" என்று சாவியை எடுத்து இடுப்பில் செருகினாள். பேருந்தை நம்பி அந்தச் சாவியை வாங்கியிருக்க முடியாது. பாதையை நம்பித்தான் வாங்கினாள்.

இனி வருவது அவள் வீட்டு ஆண்பிள்ளைகள் இருவரின் கூத்து.

அவளுடைய அண்ணனும் வீட்டுக்காரரும் சாலைக்குக் கோடு போடுகிறவர்கள். இளவயதில் ஒரே ஒப்பந்தக்காரரிடம், ஒரே டப்பாவில் தூரிகை நனைத்துத் தொழில் பழகியவர்கள். "இவனைவிட நேரான ஆள் உனக்குக் கிடைக்கமாட்டான்" என்று சொல்லி நண்பனைத் தங்கைக்குக் கட்டிவைத்ததே அண்ணன்தான். பிறகு அண்ணன் மேல ஊர் நகராட்சியிலும், வீட்டுக்காரர் கீழ ஊர் நகராட்சியிலும் சேர்ந்தார்கள். அன்றோடு அந்த 'நேரான' என்ற சொல்லை அண்ணன் வாபஸ் வாங்கிக்கொண்டார். யார் போட்ட கோடு நேர் என்பது இருவருக்கும் தீராத வழக்காகிவிட்டது.

"உன் புருஷன் பஸ் ஸ்டாண்டு முன்னாடி கோடு போட்டிருக்கான், பாத்தியா? பாம்பு பாத்துச்சுன்னா 'நம்ம ஆளு'ன்னு பக்கத்துல வந்து படுத்துக்கும்" என்பார் அண்ணன்.

வீட்டுக்கு வந்தால் இவர் ஆரம்பிப்பார். "உங்கண்ணன் ஆஸ்பத்திரி வாசல்ல வரிக்குதிரைப் பட்டை போட்டிருக்காரு. குதிரைக்கு வயித்துவலி போல, ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுக் கிடக்குது."

சொல்லிவிட்டு இரண்டு பேரும் கடைசியில் அவளிடம்தான் வருவார்கள். "உனக்குத்தான் லென்ஸ் கண்ணு. நீயே சொல்லு, யாரு பக்கம் நீ?"

"நான் ரோட்டுல முன்னாடி பாத்துப் போறவ. கீழ குனிஞ்சு பாக்கிறதில்ல" என்பாள்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். கண்ணாடியக்கா இடி விழுகிற நேரம் பார்த்து நகர்ந்துகொள்ளும் மத்தளம். அண்ணன் பக்கமும் பேசியதில்லை, புருஷன் பக்கமும் பேசியதில்லை. குடும்பம் ஓடுவது அதனால்தான் என்று அவளுக்கு ஒரு பெருமை.

ஆற்றோரப் பாதை போடும்போது இரண்டு நகராட்சியும் உட்கார்ந்து பேசின. அகலம் பேசினார்கள், கனம் பேசினார்கள், பெஞ்சுக்குப் பச்சையா நீலமா என்று அரை நாள் பேசினார்கள். நடுவே மஞ்சள் கோடு, ஒரு பக்கம் நடப்பவர், ஒரு பக்கம் சைக்கிள் என்று முடிவானது. எந்தப் பக்கம் யார் என்பதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. இதிலே கேட்க என்ன இருக்கிறது, பச்சைப் பிள்ளைக்கும் தெரியுமே என்று இரண்டு ஊரும் நினைத்தன.

அண்ணன் மேல ஊரிலிருந்து தொடங்கி, நடக்கிற ஆள் படத்தை ஆற்றுப் பக்கமும் சைக்கிள் படத்தை மரத்துப் பக்கமும் தரையில் அச்சடித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்காரர் கீழ ஊரிலிருந்து தொடங்கி, நடக்கிற ஆளை மரத்துப் பக்கமும் சைக்கிளை ஆற்றுப் பக்கமும் அச்சடித்துக்கொண்டு போனார். ரயில் பாலத்தடியில் இருவரும் சந்தித்தபோது, இவருடைய நடக்கிற ஆளுக்கு நேர் எதிரே அவருடைய சைக்கிள் நின்றது.

இன்ஜினீயர்களுக்குத் தகவல் போனது. மேல ஊரில் ஓர் அம்மா, கீழ ஊரில் ஓர் ஐயா. இரண்டு பேரும் சொல்லிவைத்தாற்போல ஒன்றையே சொன்னார்கள். "ரெண்டு பேரும் மாமன் மச்சானாமே? அப்ப உங்களுக்குள்ள பேசி ஒரு பக்கமா மாத்துங்க. எப்படி வந்தாலும் சரி, நான் ஒத்துக்கிறேன்."

அங்கேதான் தப்பு நடந்தது. இரண்டு நாடுகளுக்கு நடுவே எல்லை பிரித்தவர்கள் உண்டு. மாமன் மச்சானிடம் விட்ட காரியம் முடிந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

அண்ணன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது பேச்சு வந்தது.

"மாப்ளே, நடக்கிறவன் எதுக்கு வர்றான்? தண்ணியப் பாக்க வர்றான். அவனை மரத்தோரமா ஓட்டிவிட அவன் என்ன ஆட்டுக்குட்டியா?"

"மச்சான், நடக்கிறவனுக்கு நிழல் வேணும். வெயில்ல வேகவெச்சுத் தண்ணியக் காட்டினா ஆச்சா? அவன் என்ன துணியா, காயவைக்க?"

"நீ மாத்திடு."

"நீ மாத்து."

"போட்டதை அழிச்சு எனக்குப் பழக்கமில்ல."

"நான் மட்டும் அழிச்சு அழிச்சு வளந்தவனா?"

"தட்டுல இருக்கிறதையாவது முடிங்க" என்றாள் அண்ணி. கண்ணாடியக்கா வாயைத் திறக்கவில்லை. குழம்பை ஊற்றிக்கொண்டு எழுந்து போனாள்.

பாதை அப்படியே திறக்கப்பட்டது. பாலத்தடியில் ஒரு வளைவு, கல்தூண் வேறு மறைக்கும். மேல ஊரிலிருந்து நடந்து வருபவர் ஆற்றோரமாக வருவார், கீழ ஊரிலிருந்து சைக்கிளும் ஆற்றோரமாகவே வரும். தூண் தாண்டியதும் முகத்துக்கு முகம். முதல் வாரமே ரொட்டிக்காரர் ஒருவர், நடைப்பயிற்சிச் சங்கத் தலைவர் மேல் மோதினார். ரொட்டி ஆற்றில் போனது. தலைவர் கூடையில் உட்கார்ந்தார். நீ தப்புப் பக்கம், நீதான் தப்புப் பக்கம் என்று இருவரும் தரையிலிருந்த படத்தைக் காட்டிக் காட்டிச் சண்டை போட்டார்கள். பாவம், இருவருமே சரியான பக்கம்தான். வாத்துகளுக்கு மட்டும் அன்று விருந்து.

ஊரார் சிரித்துவிட்டு மறந்துவிட்டார்கள். சிரிக்க முடியாதது அடுத்து வந்தது. ஒரு காலை கண்ணாடியக்கா வளைவில் மெதுவாகத்தான் திரும்பினாள். தள்ளுவண்டியில் கைக்குழந்தையோடு ஒரு பெண் நேர் எதிரே. கண்ணாடியக்கா ஹேண்டிலை ஒடித்துத் தூணில் போய் விழுந்தாள். முட்டி கிழிந்தது, ஹேண்டில் கோணியது. அந்தப் பெண் வண்டியைப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டு நின்றாள். குழந்தை மட்டும் விழிக்கவே இல்லை.

இரண்டு நகராட்சியும் விழித்துக்கொண்டன. இரண்டு பக்கப் படமும் பொருந்தும் வரை பாலத்தடியில் பாதை அடைக்கப்படும், திங்கட்கிழமை காலை பார்வையிட வருவோம், அதற்குள் பொருந்தாவிட்டால் இரும்புக் கதவு என்று பலகை வைத்துவிட்டார்கள். கதவுக்குத் தூண்களும் நட்டாகிவிட்டது. பலகையில் 'தற்காலிகம்' என்று ஒரு சொல் இருந்தது. தற்காலிகமாகப் பேருந்து நிலையத்தில் போட்ட தகரக் கொட்டகை துருப்பிடித்து, அதற்கு இரண்டு முறை சாயமடித்தும் ஆகிவிட்டது.

அன்று மாலை வீட்டில், முட்டியில் மருந்து வைத்துக் கட்டியபடி அவள் வீட்டுக்காரரிடம் சொன்னாள். "ஏங்க, கதவு வருதாம்."

"உங்கண்ணன்கிட்ட சொல்லு."

அண்ணனைப் போனில் கூப்பிட்டு, சத்தமாக வைத்து, மேசையில் போட்டாள். "அண்ணே, கதவு வருதாம்."

"உன் புருஷன்கிட்ட சொல்லும்மா."

"ரெண்டு பேரும் ஒண்ணாவே கேட்டுக்கங்க. கதவு வந்தா நான் ரெண்டு பஸ் மாறணும். பஸ்ஸுல போனா நேரத்துக்குக் கடை திறக்க முடியாது. திறக்க முடியலைன்னா சாவியத் திருப்பிக் குடுக்கணும். கூட்டிப் பெருக்கப் போன இடத்துல வாங்கின சாவி அது. உங்க ரெண்டு பேர் வீம்புக்கு அதைக் குடுக்கமாட்டேன்."

அண்ணன் மெதுவாகக் கேட்டார். "அப்ப நீயே சொல்லிடேன், யாரு மாத்தணும்?"

"ஆமா, சொல்லு. யாரு பக்கம் நீ?" என்றார் இவர்.

"சொல்லமாட்டேன். சொன்னா ஒருத்தர் காலம் பூரா சொல்லிக்காட்டுவீங்க, இன்னொருத்தர் காலம் பூரா மூஞ்சியத் தூக்கிவெச்சுக்குவீங்க. உங்களுக்குள்ள முடிங்க." போனை அணைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்காரர், கூட வேலை செய்பவர் வீட்டுக்குப் போய் வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். பழைய சட்டையில் கிளம்பினார். மாடிப்படிக்கு அடியில் இருந்த அச்சுத் தகடுகளையும் சாய டப்பாக்களையும் காணோம். கண்ணாடியக்காவுக்குச் சிரிப்பு வந்தது. மனுஷன் இறங்கி வந்துவிட்டார். வாய்தான் இரும்பு, உள்ளே வெண்ணெய் என்று நினைத்துக்கொண்டாள். அவளே கிடுக்கி போட்டு ஹேண்டிலை நிமிர்த்தினாள். வெயில் தாழ்ந்ததும் பார்த்துவிட்டு வரலாம் என்று மிதித்தாள்.

பார்க்கப் பார்க்க மனசு நிறைந்தது. கீழ ஊர் எல்லை முழுக்கப் பழைய படங்களின் மேல் கறுப்புச் சாயம் பூசி, புதுப் படம் அடித்திருந்தார். நடக்கிற ஆள் ஆற்றுப் பக்கம், சைக்கிள் மரத்துப் பக்கம். அண்ணன் சொன்னபடியே. ஒரு படமும் கோணல் இல்லை. நாளைக்குக் கதவு இல்லை, சாவி என்னுடையதுதான் என்று பாலம் வரை ஒரே மிதியாக வந்தாள்.

பாலத்தடியில் இரண்டு குரல்கள் கேட்டன. இரண்டும் தெரிந்த குரல்கள்.

"யாரைக் கேட்டுய்யா விட்டுக்குடுத்தே?"

"நீ யாரைக் கேட்டு விட்டுக்குடுத்தே?"

அண்ணன் கையில் தூரிகை, வீட்டுக்காரர் கையில் தூரிகை. இரண்டு பேர் முகத்திலும் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. அண்ணனும் விடிந்ததிலிருந்து மேல ஊர்ப் பக்கம் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். நடக்கிற ஆள் மரத்துப் பக்கம், சைக்கிள் ஆற்றுப் பக்கம். மாப்பிள்ளை சொன்னபடியே. இப்போது பாலத்தடியில் அவருடைய சைக்கிளுக்கு நேர் எதிரே இவருடைய நடக்கிற ஆள் நின்றான்.

"தங்கச்சி சாவி போயிடக்கூடாதேன்னு செஞ்சேன்" என்றார் அண்ணன்.

"எம்பொண்டாட்டிக்கு நான் செய்யமாட்டேனா? அதுக்கும் நீதான் முந்தணுமா?"

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"என்னன்னு பண்றது? 'மச்சான், தோத்துட்டேன்'னா?"

"நானும் அதுக்குத்தான்யா பண்ணல!"

கண்ணாடியக்கா சைக்கிளைத் தூணில் சாய்த்துவிட்டுச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு பேரும் அவளைப் பார்த்து அசடு வழிய நின்றார்கள். சிரித்து முடித்து நிமிர்ந்தபோது எதிரே இரும்புத் தூண்கள் தெரிந்தன. சிரிப்பு நின்றுவிட்டது. பொழுது சாயப்போகிறது. விடிந்தால் கதவு.

"ரெண்டு பேரும் இறங்கி வந்தாச்சு" என்றார் அண்ணன். "இனிமே நீ சொல்றதுதான்."

"சொல்லும்மா. எதுவா இருந்தாலும் சரி" என்றார் வீட்டுக்காரர்.

வழக்கமான பதில் அவள் நாக்கு நுனி வரை வந்தது. பக்கம் பேசாமல் இருப்பதுதான் நியாயம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். அந்தத் தூண்களைப் பார்க்கையில், தான் பேசாமல் இருந்ததும் இந்தக் கதவுக்கு ஒரு கீல்தான் என்று பட்டது. அன்று அண்ணன் வீட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டு போகாமல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பெண் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடுங்கியிருக்க வேண்டாம்.

"சொல்றேன். சொன்னதுக்கு அப்புறம் யாரும் முணுமுணுக்கக் கூடாது. தினமும் இதுல ஓட்டுறவ நான். நடக்கிறவங்களை எந்தப் பக்கம் விட்டாலும், தண்ணியப் பாக்கக் கைப்பிடிக்குத்தான் வருவாங்க. சைக்கிளுக்குக் குறுக்க புகுந்து வருவாங்க. வந்து நிப்பாங்க. சைக்கிள்காரங்க நிக்கிறதில்ல, அவங்களுக்குத் தண்ணியும் ஒண்ணு, சுவரும் ஒண்ணு. அதனால நடக்கிறவங்க ஆத்துப் பக்கம். சைக்கிள் மரத்துப் பக்கம்."

அண்ணன் துள்ளினார். "பாத்தியா மாப்ளே! நான் மொதல்ல போட்டதுதான் சரி! எந்தங்கச்சி சொல்லிட்டா!"

துள்ளியவர் பாதியில் நின்றார். மேல ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். விடிந்ததிலிருந்து குனிந்து குனிந்து மாற்றியது அத்தனையும் புதுச்சாயத்தில் மின்னிக்கொண்டிருந்தது.

"அப்ப நான் இன்னிக்கு மாத்தினது..."

"திரும்ப மாத்தணும்ணே."

வீட்டுக்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "மச்சான், ஜெயிச்சது நீதான். சந்தேகமே இல்ல. நான் தோத்தவன், எனக்கு வேலையில்ல. வீட்டுக்குப் போய்ப் படுக்கப்போறேன்."

"எந்திரிங்க" என்றாள் கண்ணாடியக்கா.

"எதுக்கு?"

"அண்ணன் ஒரு ஆளா முடிக்க முடியாது. நீங்க சைக்கிள் தகட்டைப் பிடிங்க, அண்ணன் நடக்கிற ஆளைப் பிடிக்கட்டும். நான் கறுப்பு பூசுறேன்."

மூன்று பேரும் பாலத்திலிருந்து மேல ஊரை நோக்கிப் போனார்கள். அவள் முன்னால் பழைய படத்தை மறைத்துக்கொண்டே போக, பின்னால் இருவரும் தகடு வைத்து அடித்துக்கொண்டே வந்தார்கள். ஒரே ரோட்டில் இருவரும் சேர்ந்து குனிந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை.

"மச்சான், உன் தகட்டுல நடக்கிறவனுக்குத் தொப்பை இருக்கு."

"அவன் ஏன் நடக்க வந்தான்னு நினைக்கிறே?"

பாதையின் மேல ஊர் முனை நெருங்கும்போது அண்ணனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவர் நிமிர முடியாமல் நிற்க, தகட்டை அவளே வாங்கி வைத்து மிச்சத்தை அடித்தாள். போன் வெளிச்சத்தில் நடுராத்திரிக்கு முடிந்தது.

திங்கள் காலை அவள் வழக்கத்துக்கு முன்பே கிளம்பினாள். பாலத்தடியில் லாரி நின்றது, லாரியில் கதவு இருந்தது. கதவைப் பொருத்த வந்தவர் கையை நீட்டி மறித்தார். "இருங்கம்மா. பெரியவங்க பாத்துக்கிட்டிருக்காங்க. அவங்க சொன்னாத்தான் விடுவேன்."

ஒரு காலை ஊன்றி நின்றாள். இன்ஜினீயர் அம்மா மேலிருந்து நடந்து வந்தார், ஐயா கீழிருந்து சைக்கிளில் வந்தார். தூணருகே ஒருவரை ஒருவர் கடந்தார்கள். இவர் கைப்பிடி ஓரம், அவர் மர ஓரம், இடையில் மஞ்சள் கோடு. திரும்பி இன்னொரு முறை கடந்து பார்த்தார்கள். அந்த அம்மா லாரிக்காரரைப் பார்த்து, "கதவைத் திருப்பி எடுத்துட்டுப் போங்க. தூணையும் பிடுங்கிடுங்க" என்றார்.

"ஏத்துறதும் நான், இறக்குறதும் நான்" என்று முணுமுணுத்தபடி அவர் வழிவிட்டார்.

மேல ஊர் முனையில் அண்ணனும் வீட்டுக்காரரும் தரையைப் பார்த்தபடி நின்றார்கள். பார்வையிட வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல வந்தவர்கள், ஏற்கனவே அடுத்த வழக்கைத் தொடங்கியிருந்தார்கள்.

"இந்தப் படம் சாஞ்சிருக்கு. உன் கை."

"என் கையா? இது உன் கைதான்யா. பட்டப்பகல்ல தெரியுது."

"தங்கச்சி வர்றா. கேளு. இந்தாம்மா, நீயே சொல்லு, இந்த நடக்கிற ஆளு சாஞ்சிருக்கானா இல்லையா?"

கண்ணாடியக்கா பிரேக் பிடித்துக் குனிந்து பார்த்தாள்.

"நல்லாவே சாஞ்சிருக்கான்."

"யாரு போட்டது? அதைச் சொல்லு!"

"நான் போட்டது" என்றாள். "காத்துக்கு எதிரா நடக்கிறான்னு வெச்சுக்கங்க. அழிச்சீங்கன்னா பாருங்க."

மணியை அடித்துவிட்டு மர ஓரமாக மிதித்தாள். ஆஸ்பத்திரி ஆள் தெருமுனையில் திரும்பும்போது கடைக் கதவு திறந்திருந்தது. பின்னறையில் சக்கரம் சுற்ற ஆரம்பித்திருந்தது.